தேய்ந்த மிதியடியும் தைத்த மணியும்

செருப்பு என்னும் சொல்லுக்குத் தமிழ் வழக்கில் மதிப்புக் குறைவு. வாய்ச்சண்டையில் முதலில் வருவது அது. வீட்டு வாசலுக்கு வெளியே நிற்பதும் அது. அதனைச் செய்வோரையும் தைப்போரையும் ஊரார் வெகுகாலம் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்தனர். மணி என்னும் சொல்லின் நிலையோ வேறு. அருமைப் பிள்ளையைக் கண்மணி என்கிறோம். நம் இல்லங்களில் மணப்பெண்ணின் கழுத்தில் ஏறுவது கருகமணி. முதியோர் விரல்களில் உருள்வது தஸ்பீஹ் மணி.

இவ்விரண்டும் ஒன்று சேரும் இடம் ஒன்றுண்டு. தேய்ந்துபோன, ஆயினும் எறிந்துவிட மனம் வராத காலணியை எடுத்துத் துடைத்து, கிழிந்த இடத்தைத் தைத்து, அதன் முகப்பில் சிறு மணிகளைக் கோத்து அழகுபடுத்தும் வீட்டுக் கைவேலையே அது. பெண்மக்கள் ஓய்வு நேரத்தில் இதனைச் செய்யக் காண்கிறோம். காலில் மிதிபடும் பொருளுக்கு இத்தனை அலங்காரமா என்று பெரியவர் சிலர் முகம் சுளிப்பதும் உண்டு. வினா நியாயமானதே. அதற்கு விடை காண அரபு மொழியிடமும், நபிகளாரின் இல்லத்திடமும், கீழைக் கடலோர வரலாற்றிடமும் சென்று வருதல் வேண்டும்.

ஒரே வேர்ச்சொல்

அரபு அகராதியில் கா, ரா, ஸா என்னும் மூன்றெழுத்து வேர் ஒன்றுண்டு. 'கரஸ்' என்றால் மணிகள். ஒரு மணி 'கரஸா'. அதே வேரில் பிறந்த 'கர்ஸ்' என்பதற்குத் தோல் தைத்தல் என்பது பொருள். தோல் தைக்கும் குத்தூசி 'மிக்ரஸ்'. தோல் தைப்பவர் 'கர்ராஸ்'. மணி கோப்பதற்கும் தோல் தைப்பதற்கும் அரபியர் ஒரே வேரை வைத்திருக்கின்றனர். இரண்டு தொழிலிலும் துளையிட்டு அத்துளை வழியே நூலைச் செலுத்துதல் பொது. பழைய தோலில் மணி தைக்கும் பெண், அறியாமலே இவ்வேர்ச்சொல்லின் இரு கிளைகளையும் தன் விரலில் சேர்த்துப் பிடிக்கிறாள்.

காலணியைச் செப்பனிடுவதற்கு அரபியில் 'கஸஃப' என்னும் வேறொரு வினைச்சொல்லும் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றை வைத்து ஒட்டுப் போடுதல் என்பது அதன் கருத்து. இச்சொல் அருள்மறையில் இடம்பெற்றிருக்கும் இடம் எண்ணத்தக்கது. அல்அஃராஃப் அத்தியாயத்திலும் (7:22), தாஹா அத்தியாயத்திலும் (20:121) ஆதிபிதா ஆதம் (அலை) அவர்களும் அன்னை ஹவ்வா (அலை) அவர்களும் சுவனத்து இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துத் தம்மை மறைத்துக்கொண்ட செய்தி வருகிறது. ஆங்கே இறைவன் ஆண்டிருப்பது இந்த வினைச்சொல்லையே. மனித குலத்தின் முதற் கைத்தொழிலுக்கும் கிழிந்த செருப்பைத் தைப்பதற்கும் அரபியில் பெயர் ஒன்றாக அமைந்துள்ளது.

தைத்த திருக்கரங்கள்

பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் காலணியைத் தாமே தைப்பார்கள், தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், மற்ற ஆடவர் தம் வீட்டில் செய்யும் வேலைகளைச் செய்வார்கள் என்னும் பொருள்பட அன்னையார் விடை தந்தார்கள். அரபு நாட்டின் ஆட்சி முழுதும் கைக்கு வந்த பின்னரும் அக்கைகள் குத்தூசியைக் கீழே வைக்கவில்லை. பெருமானாரின் காலணியை அலீ (ரலி) அவர்கள் தைத்துக்கொண்டிருந்த செய்தி திர்மிதீயின் தொகுப்பில் உள்ளது. காலணி தைப்பவர் என்று அந்நிலையில் அவர்கள் சுட்டப்பட்டது, பின்னர் அவர்களுக்குச் சிறப்புப் பெயராகவே நிலைத்தது.

காலணியின் வார் அறுந்தால் அதனைச் செப்பனிடும் வரை ஒற்றைக் காலணியுடன் நடக்க வேண்டாம் என்று பெருமானார் அறிவுறுத்தியிருக்கிறார்கள். எறிந்துவிட்டுப் புதியது வாங்குமாறு கூறவில்லை. செப்பனிடும் வரை என்றே கூறினார்கள். பழையதைப் பேணும் பண்பு இச்சொல்லில் அடங்கியிருக்கிறது.

புகாரீயின் தொகுப்பில் மற்றொரு செய்தி. ஈஸா இப்னு தஹ்மான் என்பார் கூறுகிறார்: அனஸ் (ரலி) அவர்கள் ஒரு நாள் இரண்டு காலணிகளை வெளியே எடுத்துக் காட்டினார்கள். அவை மயிர் உதிர்ந்து பழையனவாக இருந்தன. இரண்டு வார்கள் கொண்டிருந்தன. அவை பெருமானாரின் காலணிகள் என்று ஸாபித் அல்புனானீ பின்னர் அறிவித்தார். பத்தாண்டுகள் பணிவிடை செய்தவர் தம் தலைவரின் நினைவாகப் பேணி வைத்திருந்தவற்றுள் தேய்ந்த ஒரு சோடி மிதியடியும் இருந்தது. பிற்காலத்தில் இந்தக் காலணிகளைப் பற்றித் தனி நூல்களே எழுந்தன. திலிம்ஸான் நகரைச் சேர்ந்த அல்மக்கரீ (மறைவு ஹிஜ்ரி 1041, கி.பி. 1632) எழுதிய 'ஃபத்ஹுல் முதஆல்' அவற்றுள் புகழ் பெற்றது.

மணி தைக்கும் நம் மகளிர் நெஞ்சில் நிறுத்த வேண்டிய பெயர் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களுடையது. அன்னையார் கைத்தொழில் வல்லவர்கள். தோலைப் பதனிடுவார்கள், தைப்பார்கள், வரும் பொருளை இறைவழியில் ஈவார்கள். தைப்பார்கள் என்பதற்கு அந்த அறிவிப்பில் வரும் சொல் 'தக்ருஸு'. மேலே கண்ட அதே கா, ரா, ஸா வேரிலிருந்து பிறந்த சொல் இது. தம் துணைவியருள் கை நீண்டவரே தம்மை முதலில் வந்து சேர்வார் என்று பெருமானார் முன்னர்க் கூறியிருந்தார்கள். அன்னையர் தம் கைகளை அளந்து பார்த்தனர். ஹிஜ்ரி 20ஆம் ஆண்டு அனைவருக்கும் முன்னதாக மறைந்தவர்களோ உருவில் சிறியவர்களான ஸைனப் அவர்கள். கையின் நீளம் என்றது முழக்கோலால் அளக்கும் நீளம் அன்று. உழைத்து ஈந்த கையின் நீளம் என்பதை அன்றுதான் உணர்ந்தனர். வீட்டுக்குள் அமர்ந்து தோல் தைத்த பெண்ணின் கையை இறைத்தூதர் (ஸல்) நீண்ட கை என்று புகழ்ந்தார்கள் என்றால், அத்தொழிலை இழிவு என்று சொல்ல நாம் யார்?

தொழிற்பெயர் தாங்கிய அறிஞர்கள்

தொடக்க நூற்றாண்டு முஸ்லிம்கள் இதனை நன்குணர்ந்திருந்தனர். நபிமொழி அறிவிப்பாளர்களுள் பஸராவைச் சேர்ந்த காலித் அல்ஹத்தாஉ என்பவர் ஒருவர். 'ஹத்தாஉ' என்றால் செருப்புச் செய்பவர். இவர் செருப்புச் செய்தவர் அல்லர். அத்தொழிலாளரோடு சென்று அமர்வார் என்பதனால் அப்பெயர் வந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அப்பெயரை அவர் இழுக்கு என்று உதறவில்லை. இன்றளவும் நபிமொழித் தொடர்களில் அப்பெயராலேயே ஓதப்படுகிறார்.

வக்பு பற்றிய சட்டங்களைத் தனி நூலாக முதன்முதலில் விரித்து எழுதியவர்களுள் ஒருவர் ஹனஃபீ சட்ட மேதை அபூபக்ர் அல்கஸ்ஸாஃப் (மறைவு ஹிஜ்ரி 261). 'கஸ்ஸாஃப்' என்றால் செருப்புத் தைப்பவர். கலீஃபா அல்முஹ்ததீயின் அவையில் மதிக்கப்பட்டவர்; ஆயினும் காலணி தைத்தே தம் உணவைத் தேடிக்கொண்டார் என்பர். நம் ஊர்ப் பள்ளிவாசல் நிலங்களைப் பற்றிய வழக்குகளில் பேசப்படும் சட்ட நுணுக்கங்கள் பலவற்றின் மூலம் குத்தூசி பிடித்த அந்தக் கையிலிருந்து வந்தது. அதே மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஸூஃபி அபூஸயீத் அல்கர்ராஸ், 'கிதாபுஸ் ஸித்க்' என்னும் நூலை எழுதியவர். அவர் பெயரில் இருக்கும் 'கர்ராஸ்' நாம் முன்னர்க் கண்ட தோல் தைப்பவர்தாம்.

அழகு பெருமையாகுமா?

தைப்பது சரி, அலங்கரிப்பது சரியா என்று கேட்கலாம். இதற்கும் நேரான விடை உண்டு. உள்ளத்தில் அணுவளவு பெருமை இருப்பவர் சுவனம் புகார் என்று பெருமானார் எச்சரித்தபோது, ஒருவர் எழுந்து, தம் ஆடை அழகாயிருக்க வேண்டும், தம் காலணி அழகாயிருக்க வேண்டும் என்று ஒரு மனிதர் விரும்புகிறாரே என வினவினார். இறைவன் அழகன், அழகை விரும்புகிறான் என்றும், பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே என்றும் பெருமானார் விளக்கினார்கள். முஸ்லிமின் தொகுப்பில் இதனை அறிவிப்பவர் இப்னு மஸ்ஊத் (ரலி). பெருமானாரின் காலணிகளை எடுத்து வைத்துப் பேணும் பணியைச் செய்ததால் 'காலணிகளுக்கு உரியவர்' என்று தோழர்களால் அழைக்கப்பட்டவரும் அவரே.

ஆகவே பெருமை காலணியின் அழகில் இல்லை. அந்தக் காலணியைத் தைத்தவரை இழிவாக எண்ணும் நெஞ்சில் இருக்கிறது. வீண்விரயம் என்னும் குற்றச்சாட்டும் பழைய மிதியடியில் மணி தைப்பவளைச் சாராது. தூக்கி எறிய வேண்டிய பொருளுக்கு அவள் மேலும் சில ஆண்டுகள் ஆயுள் தருகிறாள். உருவம் வரைந்த திரைச்சீலை ஒன்றைப் பெருமானார் விரும்பாதபோது அன்னை ஆயிஷா (ரலி) அதனை எறிந்துவிடவில்லை. கிழித்துத் தலையணைகளாகத் தைத்துக்கொண்டார்கள். அன்னையார் கற்பித்த சிக்கனம் அது. உயிருள்ளவற்றின் உருவங்களைத் தவிர்த்துப் பூ, கொடி, கட்டம் எனத் தைத்துக்கொள்ளுதலும், இறைநாமங்களையும் திருவசனங்களையும் காலணிப் பக்கம் கொண்டுவராதிருத்தலும் போதுமானவை.

மணி சென்ற வழி

மணியின் வரலாற்றில் தமிழகத்துக்கு முதன்மையான பங்குண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். ரோமாபுரி வாணிகத்தின் சான்றாக அவ்வூர் புகழ் பெற்றது. ஆனால் அங்கே மண்ணில் ஏராளமாகக் கிடந்தவை சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள். உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, அக்குழலைத் துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்கி இவற்றைச் செய்தனர். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கருமை எனப் பெரும்பாலும் ஒரே நிறம் கொண்டவை. ஆய்வாளர் பீட்டர் ஃபிரான்சிஸ் இவற்றுக்கு இந்தோ பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். இவ்வகை மணிகள் தாய்லாந்து, வியத்நாம், மலேயாவின் பேராக் கடற்கரையில் உள்ள குவாலா செலின்சிங் ஆகிய இடங்களிலும் கிடைத்திருக்கின்றன. சோழமண்டலக் கரைக்கும் கீழை நாடுகளுக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகளாக மணி பயணம் செய்திருக்கிறது.

மணியோடு சொல்லும் கப்பலேறியது. கப்பல் என்னும் சொல்லே மலாய் மொழியில் 'கப்பால்' என வழங்குகிறது. கடை 'கெடாய்' ஆயிற்று. மாணிக்கம் 'மானிக்கம்' ஆயிற்று. நம் செருப்பும் 'செர்ப்பு' என்று அம்மொழியில் குடியேறியது. பழைய மலாய் அரசவை வழக்கில் மன்னரை நேரே விளித்தல் மரபன்று. அவரது பாதுகையின் கீழ் விண்ணப்பிப்பதாகவே கூறுவர். அந்த மரியாதைத் தொடரில் இந்தச் 'செர்ப்பு' என்னும் சொல்லும் அமர்ந்திருந்தது. தாயகத்தில் வசைச்சொல்லாய்த் தாழ்ந்து கிடந்த சொல் கடல் கடந்து அரசமரியாதை பெற்றது.

மலாக்காவிலும் பினாங்கிலும்

மணியும் காலணியும் கலந்து ஒரு கலையாகவே வளர்ந்த இடம் மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய நீரிணை நகரங்கள். அங்கு 'காசுட் மானெக்', அதாவது மணிக்காலணி என்று அதற்குப் பெயர். 'மானெக்' என்பது நம் மணியோடு உறவுடைய சொல். சீன வணிகர் மரபில் வந்து மலாய்ப் பழக்கங்களை மேற்கொண்ட பாபா நோன்யா குடும்பங்களின் பெண்கள் இதில் தலைசிறந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இக்கலை உச்சநிலையில் இருந்தது. அப்போது ஐரோப்பாவிலிருந்து கடுகு போன்ற நுண்ணிய கண்ணாடி மணிகள் அந்நகர்க் கடைகளுக்கு வந்தன. ஒரு காலத்தில் நம் கரையிலிருந்து மணி பெற்ற நாடு, இப்போது மேற்கிலிருந்து பெறலாயிற்று.

வேலை முறை பொறுமையைச் சோதிப்பது. மரச்சட்டம் ஒன்றில் கட்டம் கட்டமாய் நெய்த துணியை இழுத்துக் கட்டுவர். மாதிரிப் படத்தைப் பார்த்து, கட்டத்துக்கு ஒரு மணி என்னும் கணக்கில் மெல்லிய ஊசியால் தைத்துக்கொண்டே செல்வர். ஒரு கட்டம் தவறினால் பூவின் இதழ் கோணிவிடும். பிரித்துத்தான் தைக்க வேண்டும். ஒரு சோடி முடியப் பல வாரங்கள், மாதங்கள் கூட ஆகும். முடிந்த முகப்பைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, உட்புறம் துணியும் அடியில் தோலும் பொருத்தி வாங்குவர். மணமாகும் பெண்ணின் பொறுமையையும் நேர்த்தியையும் இந்தக் கைவேலையைக் கொண்டே கணித்தனர். மணமகனுக்கும் அவன் வீட்டாருக்கும் தன் கையால் தைத்த மணிக்காலணியைத் தருவது வழக்கமாயிருந்தது. அடித்தோல் தெருவில் தேயும், முகப்பு தேயாது. ஆகவே அதனைப் பிரித்துப் புதிய அடியில் பொருத்திக்கொள்ள இயலும்.

சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம் மரைக்காயர், சூலியா வணிகர்கள் அங்கே மலாய்ப் பெண்களை மணந்ததால் தோன்றிய சமுதாயம் ஜாவிப் பெரானாக்கான் எனப்படும். பினாங்கில் 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அத்தொடர்பின் சின்னம். 1876இல் சிங்கப்பூரில் தொடங்கிய முதல் மலாய் இதழின் பெயரே 'ஜாவிப் பெரானாக்கான்'. அச்சமுதாயப் பெண்டிரும், மலாக்காச் செட்டிக் குடும்பப் பெண்டிரும் நீண்ட அங்கியும் கைலியும் உடுத்து இம்மணிக்காலணியை அணிந்தனர்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலேயாவில் இறங்கியது. போர்க்காலத்தில் ஐரோப்பிய மணிகளின் வரத்து நின்றது. செல்வக் குடும்பங்கள் பல நொடித்தன. போருக்குப் பின் பெண்கள் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் சென்றனர். ஆலைச் செருப்பு மலிந்தது. மரச்சட்டங்கள் பரண் ஏறின. எஞ்சிய காலணிகள் இன்று அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளில் உள்ளன. எந்த ஊர், எந்தக் காலம் என்று குறிப்புகள் கூறுகின்றன. தைத்தவள் பெயரோ பெரும்பாலும் இல்லை. மணிகளை விற்ற வணிகனுக்குக் கணக்குப் புத்தகம் இருந்தது. தைத்த பெண்ணுக்கு அவள் தைத்த காலணியைத் தவிர வேறு ஏடு இல்லை.

நம் வீட்டுத் திண்ணைகளில்

இது கடல் கடந்த கதை மட்டும் அன்று. வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிகளில் முஸ்லிம் வணிகர்கள் வளர்த்த தோல் தொழில் உலகறிந்தது. பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ததோடு நில்லாமல், காலணிகளையும் காலணி முகப்புகளையும் அவ்வூர்கள் வெளிநாடுகளுக்கு அனுப்பலாயின. அம்முகப்புகளுள் கையால் தைக்க வேண்டிய வேலை வீடுகளுக்கு வருகிறது. வெட்டிய தோலை இடைத்தரகர் கொண்டுவந்து தருவார். பெண்கள் திண்ணையில் அமர்ந்து தைத்துக் கொடுப்பர். சோடிக் கணக்கில் கூலி. ஆலையின் ஆள்பட்டியலில் அவர்கள் பெயர் இராது. வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு முதலிய உரிமைகளும் எட்டுவதில்லை. இப்பெண்களுள் நம் சமுதாயத்தாரும் உளர். குத்தூசி குத்திக் குத்தி விரல் காய்த்துப்போன அந்தக் கைகள் அன்னை ஸைனப் அவர்களின் கைத்தொழிலைச் செய்கின்றன. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலி தருக என்னும் நபிமொழியை மேடையில் முழங்கும் நாம், அந்தக் கூலி நியாயமானதா என்றும் கேட்டல் வேண்டும்.

வீட்டில் பழைய காலணியை அழகுபடுத்த விரும்பும் பெண்மக்களுக்கு இரண்டொரு சொற்கள். முதலில் தூசியும் ஈரமும் போகத் துடைத்து நிழலில் உலர்த்துக. கால் மடங்கும் இடத்திலும் ஒன்றோடொன்று உராயும் உட்பக்கத்திலும் மணி வைக்க வேண்டாம். முகப்பின் நடுவே வைப்பதே நிலைக்கும். கெட்டித் தோலில் மெல்லிய ஊசி ஒடியும். முதலில் குத்தூசியால் துளையிடுக. நூலுக்கு மெழுகு பூசுக. ஒவ்வொரு மணிக்கும் ஒரு பின்தையல் போட்டால், நூல் அறுந்தாலும் மணிகள் வரிசையாய்க் கொட்டாமல் ஒன்றிரண்டோடு நிற்கும். கிழிசல் இருக்குமாயின் மணியைத் துணித்துண்டில் தைத்து, அத்துண்டை ஒட்டாகக் கிழிசலின் மேல் தைத்துவிடலாம். உள்ளே முடிச்சுகள் காலை உறுத்தாதவாறு துணி வைத்து மூடுக. இவ்வேலையை ஆண்பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். வீட்டில் தம் காலணியைத் தாமே தைத்தவர் யார் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

தைத்து முடித்த காலணியின் உட்புறத் துணியில் தைத்தவர் பெயரையும் ஆண்டையும் நூலால் எழுதி வைத்தால் நன்று. பேரப்பிள்ளைகள் பின்னாளில் அதனைப் பிரித்துப் பார்க்கும்போது, பாட்டியின் கை எவ்வளவு நீண்டது என்பதை அறிந்துகொள்வர். உழைக்கும் கைகளுக்கு அல்லாஹுத்தஆலா கண்ணியத்தையும் பரக்கத்தையும் அருள்வானாக! ஆமீன்.